மூன்றாவது அத்தியாயமும் ஒரு மயிலைக் காளையும்

போன வாரம் கும்மிடிப்பூண்டியில் ஓர் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த வரியைப் படித்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த மேனேஜர் திகைத்துப் போகிற அளவுக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. அவர்களுடைய கழிவு இரும்பை வருஷம் முழுக்க நான் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. விலையை மாற்றி அவர்கள் கடிதம் அனுப்பினால், ஏழு நாளுக்குள் நான் மறுப்பு எழுத வேண்டும். எழுதாவிட்டால் என் மௌனமே சம்மதமாகக் கொள்ளப்படும் என்று நடுப்பக்கத்தில் ஒரு வரி இருந்தது.

"இன்னா சார், படிச்சிக்கினே சிரிக்கிறீங்க?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணும் இல்ல தம்பி. இந்த மாதிரி ஒரு வரியால எங்க வாத்தியார் ஒருத்தர் காளை மாடு வாங்கினாரு. அது ஞாபகம் வந்துடுச்சு."

அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய ஆள் நீ. நீ போய் நாலு வருஷம் ஆகிறது. துக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்ள எனக்கு வீட்டில் ஆள் உண்டு. இந்த மாதிரிச் சிரிப்பைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த ரயிலைச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது. நான் கடம்பத்தூரில் ஏறுவேன், நீ திருவள்ளூரில். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே உனக்காக இடம் பிடித்து வைப்பது என் வேலை. கையில் எப்போதும் ஒரு கட்டுக் கோணிப்பை இருக்கும். ரைஸ் மில்களில் வாங்கிப் பட்டணத்து மண்டியில் விற்று, அந்தக் காசில்தான் சட்டக் கல்லூரிக்கு ஃபீஸ் கட்டினேன். அந்தக் கோணிக்கட்டை இருக்கையில் வைத்துவிட்டால் ஒருவனும் பக்கத்தில் வரமாட்டான். நீ வருவாய், ஈரத்தலையும் நெற்றியில் காயாத நாமமுமாக. கோயிலில் அப்பாவுக்குக் கைங்கரியத்தில் கூடமாட நின்றுவிட்டு ஓடி வந்திருப்பாய். கோணியை இரண்டு விரலால் நகர்த்திவிட்டு உட்காருவாய். உன் ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தில் கடைசி வரைக்கும் சணல் வாடை போகவில்லை என்று உன் மனைவி சொல்லியிருக்கிறார்கள்.

அப்போதெல்லாம் கரி இஞ்சின். பட்டணம் போய்ச் சேரும்போது சட்டைக் காலரெல்லாம் கரித்தூள். அந்தப் பெட்டியில் நீ தினம் ஒரு வழக்கை உரக்கப் படிப்பாய், எனக்காக. நான் கேட்டேனோ இல்லையோ, வழக்கமாக வருகிற பால்காரர் ஒருவர் கேட்பார். கேன் மேல் உட்கார்ந்துகொண்டு, "இன்னா சாமி, இன்னிக்கு கேஸ் ஒண்ணும் இல்லியா?" என்பார். நீ வழக்கைச் சொல்லி முடித்ததும், ஆவடி வருவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார். பாதிக்குப் பாதி கோர்ட்டுச் சொன்ன தீர்ப்போடு ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாட்களில் கோர்ட்டுத்தான் தப்பு என்பார்.

"சட்டம் இந்தப் பெட்டியிலயே இருக்குடா. காலேஜ்ல அதுக்கு நம்பர் போடறா, அவ்ளோதான்" என்று நீ ஒருநாள் சொன்னாய். வேடிக்கைக்குச் சொன்னாய் என்று அன்று நினைத்தேன்.

கல்லூரியில் நீ நூலகம், நான் கேன்டீன். மாதிரி வழக்காடலில் நம் இருவரையும் ஒரே கட்சியில் போட்டார்கள், நினைவிருக்கிறதா? விற்ற சரக்குக்கு விலை கேட்டு வழக்கு. நாம் விற்றவன் பக்கம். நீ மூன்று வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு முப்பது தீர்ப்புகளைத் தாள்தாளாக எழுதிக் கொடுத்தாய். பேச வேண்டியவன் நான். நீதிபதியாக உட்கார்ந்தவர் நம் ஒப்பந்தச் சட்டப் பேராசிரியர். சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாததால் அவருக்கு நாம் வைத்த பேர் கோட்டு சார்.

"சரக்குத் தரமில்லை என்று எதிர்க்கட்சி திருப்பி அனுப்பிவிட்டதே, அதற்கு என்ன பதில்?" என்று அவர் கேட்டார். பதில் உன் தாளில் இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் தாள் எதுவும் கண்ணில் படவில்லை. எதிர்க்கட்சி வக்கீலாக நின்ற பையனைப் பார்த்து, "முழுசும் வேணாம்பா. முக்கால்வாசி குடுத்துடு, இங்கயே முடிச்சிக்கலாம்" என்றேன். அவனும் வியாபாரக் குடும்பம் போலிருக்கிறது. வாய் தவறி, "பாதி தரேன்" என்றுவிட்டான்.

கூரை பறந்துபோகிற மாதிரி சிரிப்பு. கோட்டு சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "வழக்கு சமரசமாக முடிந்தது. வக்கீல்கள் இருவருக்கும் சட்டம் தெரியவில்லை. கட்சிக்காரர்கள் சௌக்கியமாக இருப்பார்கள்." நீ மட்டும் சிரிக்கவில்லை. முப்பது தீர்ப்புத் தாள்களையும் மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு, "இருபத்தி ரெண்டாவது தாள்லயே இருந்ததேடா கோணி" என்று முனகினாய். வகுப்பில் எனக்கு அதுதான் பேர்.

இரண்டாம் வருஷம் நான் பெயிலானேன். வருத்தப்பட்டதாகச் சொல்லமாட்டேன், அதற்குள் கோணி வியாபாரத்தில் கால் ஊன்றிவிட்டேன். நீ பி.எல். முடித்து, பல்கலைக்கழகத்தில் எம்.எல். ஆய்வுக்குச் சேர்ந்தாய். வழிகாட்டி கோட்டு சார். ஆய்வுப் பொருள் எது என்று நீ சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. "சந்தை வழக்கமும் ஒப்பந்தச் சட்டமும்டா. உன்னாலதான் தோணித்து" என்றாய். கோயில் வீட்டுப் பிள்ளை மாட்டுச் சந்தையைப் பற்றி இங்கிலீஷில் ஆய்வேடு எழுதப்போகிறான்!

இரண்டு வருஷம், வாராவாரம், நான் சரக்குக்குப் போகிற சந்தைகளுக்கெல்லாம் நீயும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாய். ஊத்துக்கோட்டை மாட்டுச் சந்தையில் உனக்கு ஒரு வழக்கம் அகப்பட்டது. தரகர் வாங்குபவரின் கையைப் பிடித்து மேலே துண்டைப் போர்த்தி, விரல்களைத் தொட்டு விலை சொல்வார். அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். இங்கே அதற்குமேல் ஒன்று உண்டு. கடைசி விலையை விரலில் அழுத்திவிட்டுத் தரகர் இன்னொரு கையால் மாட்டின் முதுகில் மூன்று தட்டுத் தட்டுவார். மூன்றாவது தட்டு விழுவதற்குள் வாங்குபவர் கையை உருவிக்கொண்டால் விலை படியவில்லை என்று பொருள். கை உள்ளேயே இருந்தால் மாடு அவருடையது. வாயைத் திறக்க வேண்டாம், தாளில் எழுத வேண்டாம்.

உன் ஆய்வேட்டின் உயிரே அதுதான். மூன்றாவது அத்தியாயம் முழுக்க அதை எழுதினாய். கோட்டு சார் அந்த அத்தியாயத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நீ என் கோணிக் கடையில் வந்து உட்கார்ந்த கோலம் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. மூட்டை மேல் உட்கார்ந்தாய், தட்டிவிட்டுக்கூட உட்காரவில்லை.

"மௌனம் சம்மதமாகாதுங்கறது ஒப்பந்தச் சட்டத்துல முதல் பாடம்ங்கறார். இங்கிலாந்துல ஒரு குதிரை வழக்குல சொல்லியாச்சாம். பதில் வரலேன்னா குதிரை என்னுதுன்னு ஒருத்தன் எழுதினான், பதில் வரலே, ஆனாலும் குதிரை அவனுது இல்லேன்னுட்டா. கையை எடுக்காம நின்னா மாடு வாங்கினதா ஆகும்னு எழுதறது சட்டம் இல்லை, வேடிக்கைக் கதைங்கறார்."

"சரி, அந்த ஒண்ண எடுத்துட்டு மீதிய குடுத்துடேன்."

"அதை எடுத்துட்டா மீதி அட்டைதான் இருக்கும்."

மாதக் கடைசிக்குள் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் உன் பதிவு காலாவதி. இன்னும் பன்னிரண்டு நாள். ஆய்வேடு தேறினால் கல்லூரியிலேயே பாடம் நடத்தும் வேலை கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. தேறாவிட்டால் பம்பாய். அங்கே உன் மாமா ஒரு கம்பெனியில் டைப் அடிக்கும் வேலை பார்த்து வைத்திருந்தார். உன் அப்பா டிக்கெட்டும் எடுத்துவிட்டார். அந்த டிக்கெட்டை நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்துக் காட்டினாய். உனக்கு வேலையைப் பற்றிக் கவலை. எனக்கு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீ போய்விட்டால் யாரோடு பேசுவது என்ற கவலை.

"புக்குல இல்லன்னாரா? சந்தையில கீதுல்ல, கூட்டிக்கினு வா அவர" என்றேன்.

அவர் வருவார் என்று நீ நம்பவில்லை. வந்தார். அடுத்த சந்தை நாளில் பஸ்ஸிலிருந்து கறுப்புக் கோட்டோடும் குடையோடும் இறங்கினார். சாணத்தைத் தாண்டித் தாண்டி அவர் நடந்து வந்த அழகுக்கு மாடுகள்கூட வழி விட்டன.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். தரகர் முனுசாமியிடம் முதல்நாளே போய்ப் பேசிவைத்தேன் அல்லவா? "பட்டணத்துல இருந்து ஒரு வாத்தியாரு வர்றாரு, சும்மா பாக்கறதுக்கு" என்று சொன்னதாகத்தான் உன்னிடம் சொன்னேன். அப்படிச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சந்தை நேரத்தில் எந்தத் தரகராவது துண்டை விரிப்பாரா? "பெரிய மனுஷன் ஒருத்தர் வர்றாரு, மாடு புடிச்சா வாங்கினாலும் வாங்குவாரு" என்று சொல்லி வைத்தேன்.

முனுசாமிக்கு அது போதும். எல்லைப்புறத்து ஆள், பாதிப் பேச்சு தெலுங்கு. கோட்டைப் பார்த்ததுமே, "ரா நைனா, இப்படி வாங்க" என்று கையைப் பிடித்து நேராக ஒரு மயிலைக் காளையின் முன் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். காளைக்காரி கன்னியம்மா, பக்கத்துக் கிராமம். நடவுக்கு ஆள் கூலி கொடுக்க அந்த ஒற்றைக் காளையை விற்க வந்திருந்தாள். பச்சைத் தலைப்பாகை கட்டிய ஒருவர் அதற்குள் அதை முன்னூற்று முப்பதுக்குக் கேட்டு, அவள் இறங்கி வருவாளா என்று ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"துண்டுக்குள்ளே என்னதான் நடக்கிறது என்று நானும் பார்க்கிறேன்" என்று கோட்டு சார் கையை நீட்டினார். முனுசாமி துண்டைப் போர்த்தினார். விரல்களைத் தொட்டுத் தொட்டு அவர் சொல்லச் சொல்ல, கோட்டு சாருக்கு முகத்தில் பள்ளிக்கூடப் பையன் களை வந்துவிட்டது. "அட, இது மூணு. இது நாலு. ரொம்ப நேர்த்தி!" என்றார். விலை முன்னூற்று நாற்பதில் வந்து நின்றது.

அப்போதுதான் அவருக்குப் பாடம் நடத்தும் வெறி வந்தது. கையை உள்ளே வைத்தபடியே உன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதோ பார், நீ எழுதியிருப்பதில் உள்ள தவறு இதுதான். இவர் விலை சொல்கிறார். அது முன்மொழிவு. சரி. ஆனால் நான் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பது என்பது..."

முதல் தட்டு விழுந்தது.

"...ஒரு செயல். ஒன்றும் செய்யாமல் இருப்பது செயல் ஆகாது..."

இரண்டாவது தட்டு. நீ வாயைத் திறந்தாய். "சார், கையை..." என்றாய். அவர் மற்றக் கையால் உன்னை அமர்த்தினார். வகுப்பில் நடுவே பேசினால் அவருக்குப் பிடிக்காது.

"...ஆகவே, எத்தனை சந்தையில் எத்தனை பேர் எப்படி நடந்துகொண்டாலும், மௌனம் சம்மதமாகாது!"

மூன்றாவது தட்டு. துண்டு பறந்தது. "தீந்துச்சி!" என்று முனுசாமி கத்தினார். சுற்றி நின்றவர்கள் கலைந்தார்கள். கன்னியம்மா காளையின் கழுத்தைத் தடவிக் கயிற்றைக் கொண்டுவந்து கோட்டு சாரின் கையில் திணித்தாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் காளை. அவர் நின்ற நிலையைப் படம் பிடிக்க ஆள் இல்லாமல் போனதுதான் என் வாழ்க்கையில் பெரிய குறை.

"என்ன இது? நான் எதுவும் வாங்கவில்லை அம்மா. இவனோடு பேசிக்கொண்டிருந்தேன்."

"பேசினீங்க சார், யாரு இல்லன்னாங்க? கைய எடுத்துட்டுப் பேசியிருக்கணும். கைய உள்ள வெச்சிக்கினு பேசினா நாங்க இன்னாத்தக் கண்டோம்?"

"எனக்கு வாங்கும் எண்ணமே இல்லையே."

"எண்ணம் உங்களுக்குள்ள கீது. கை தானே எங்க கண்ணுக்குத் தெரியுது?"

கலைந்தவர்கள் மறுபடி கூடிவிட்டார்கள், சுற்றிலும் சிரிப்பு. கோட்டு சார் சட்டத்தை விளக்கப் பார்த்தார். குதிரை வழக்கைக்கூடத் தமிழில் சொன்னார். கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுசையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, சந்தை கூடியிருந்த தோப்பின் அந்தக் கோடியைக் காட்டினாள்.

"அதோ பாருங்க, பச்ச முண்டாசு. முன்னூத்து முப்பதுக்கு நின்னாரு. நான் பத்து நிமிஷம் முறுக்கிட்டு ஒத்துக்கினு இருப்பேன். மூணாவது தட்டு உழுந்த வரைக்கும் உங்க கைய பாத்துக்கினே இருந்தாரு. உழுந்ததும் போயி வேற மாட்டுக்கு அச்சாரம் குடுத்துட்டாரு. இனிமே அவரு வருவாரா? உங்க குதிரைக்காரன் கதையில இப்புடி யாராச்சும் உட்டுட்டுப் போனாங்களா? நான் இத ஊட்டுக்கு ஓட்டிக்கினு போயி, நாளைக்கு நடவு ஆளுங்களுக்கு கூலிக்கு பதிலா சட்டம் சொல்லவா?"

கோட்டு சார் அந்தக் கோடியைத் திரும்பிப் பார்த்தார்.

நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். உன் முகத்தில் நாமத்துக்கும் தோலுக்கும் நிற வித்தியாசம் தெரியவில்லை. "போச்சுடா. ஊர் முன்னால அவருக்கு அவமானம். இனிமே கையெழுத்தாவது ஒண்ணாவது. நான் பம்பாய்க்கே போயிடறேன்" என்றாய். நீ போய்விடுவாயே என்பது எனக்கு ஒரு கவலை. முனுசாமியிடம் நான் சொல்லி வைத்தது வெளியே வந்தால் என் கதி என்ன என்பது வேறு.

பச்சைத் தலைப்பாகைக்காரர் தன் புது மாட்டை ஓட்டிக்கொண்டு தோப்பைவிட்டு வெளியேறுகிற வரைக்கும் கோட்டு சார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உன்னைக் கூப்பிட்டார். வகுப்பில் கூப்பிடுகிற அதே குரல்.

"இந்த அம்மா இப்போது சொன்னது உன் மூன்றாவது அத்தியாயத்தில் எங்கே இருக்கிறது?"

"சார்... இல்லை சார்."

"ஏன் இல்லை?"

"வாங்கறவாளைப் பத்தி மட்டுந்தான் எழுதினேன் சார். விட்டுட்டுப் போறவாளைப் பத்தி எழுதலை."

"அதைத்தானே எழுதியிருக்க வேண்டும்! வழக்கம் இப்படி இருக்கிறது என்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாய். ஏன் இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. மௌனம் சம்மதமில்லை, இப்போதும் சொல்கிறேன். ஆனால் என் மௌனத்தை நம்பி ஒருவர் விலகிப் போய், அதனால் இந்த அம்மாவுக்கு நஷ்டம் என்றால், அந்த மௌனத்துக்கு நான் பொறுப்பு. குதிரை வழக்கில் யாரும் விலகிப் போகவில்லை. இங்கே போனார்; நானே பார்த்தேன். இந்தக் காரணத்தை எழுதிக் கொண்டு வா. கையெழுத்துப் போடுகிறேன்."

நீ அந்த இடத்திலேயே, சாணம் என்றும் பார்க்காமல் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டாய்.

இதற்குள் கன்னியம்மா, "அதெல்லாம் சரி சார், டப்பு?" என்றாள். முனுசாமியோடு பழகிய வாய், பணத்தைக்கூடத் தெலுங்கில்தான் கேட்டது.

கோட்டு சார் பையைத் துழாவினார். பஸ் கூலி போக இருபத்திரண்டு ரூபாய் இருந்தது. இருபதை அச்சாரமாகக் கொடுத்தார். மீதிக்கு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்பதை நீ எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாய்! சரி, நானே எழுதிவிடுகிறேன். "சார், மாட்ட நான் எடுத்துக்கறேன். முன்னூத்துப் பதினஞ்சுன்னு வெச்சிக்கலாமா?" என்றேன். பழக்கதோஷம். நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கன்னியம்மா, "அய்ய, கண்ணு முன்னாடியே இருபத்தஞ்சு ரூவா முழுங்கறாரு பாரு" என்றாள். முழுசாக முன்னூற்று நாற்பதும் கொடுத்தேன். அச்சாரமாகப் போன இருபது ரூபாயை அவளிடமிருந்து வாங்கிக் கோட்டு சார் கையிலேயே திருப்பி வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் காளையை ஒரு செங்கல் சூளைக்கு முன்னூற்று அறுபதுக்கு விற்றேன் என்பதை உன்னிடம் சொன்னேனா? தீனிச் செலவு போகப் பத்து ரூபாய் மிச்சம்.

கோட்டு சாரைப் பஸ் ஏற்றிவிட்டோம். அவர் ஜன்னல் வழியாக, "மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள்" என்றார். நமக்குக் காளையை ஓட்டிக்கொண்டு நடை. பூண்டி ஏரிப் பக்கம் இருந்த என் மச்சான் வீட்டில் கட்டிவிடுவதாக ஏற்பாடு. நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாய். எதிரே வந்த வண்டிக்காரர் ஒருவர், "இன்னா சாமி, கோயிலுக்கா?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் தயங்காமல், "இல்லை, யூனிவர்சிட்டிக்கு" என்றாய். சிரித்துச் சிரித்து நான் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். காளை நம் இருவரையும் விட நாகரிகமாக நின்று காத்திருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் நீ திரும்பாமலே கேட்டாய்: "முனுசாமி கிட்ட நீ என்னடா சொல்லி வெச்சே?"

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"பெரிய பார்ட்டின்னு சொன்னியோ?"

கொக்குகளை எண்ணினேன்.

"சரி, பதில் வரலே. நான் எடுத்துக்கறேன்" என்றாய். முதுகு குலுங்கியது. தெரிந்தேதான் இருந்திருக்கிறாய். ஆக, மேலே நான் எழுதிய வாக்குமூலம் வீண்.

அந்தப் பன்னிரண்டு நாளில் ஒன்பதாம் நாள் அத்தியாயத்தைக் கொண்டுபோனாய். அவர் நின்றபடியே படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பம்பாய் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க ஸ்டேஷனுக்கு நானும் வந்தேன். பிறகு நீ அதே கல்லூரியில் பாடம் நடத்தினாய். வருஷா வருஷம் ஒப்பந்தச் சட்டத்தின் முதல் வகுப்பை, கோட்டுப் போட்ட ஒரு பேராசிரியர் காளை வாங்கிய கதையிலிருந்துதான் ஆரம்பிப்பாய் என்று உன்னிடம் படித்த வக்கீல்கள் இன்றைக்கும் என்னிடம் சொல்கிறார்கள். கோட்டு சார் இருந்த வரைக்கும் அந்த வகுப்புக்கு அவரே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாராம், கதையில் தப்பு வந்தால் திருத்த.

எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், அன்று அவர் பச்சைத் தலைப்பாகையைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அந்தப் பார்வை. வியாபாரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு வித்தை. அதில் நான் கெட்டிக்காரன். ஆனால் வாயை மூடிக்கொள்ளும் போதெல்லாம், இதை நம்பி யார் எழுந்து போகிறார்கள் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுகிறேன். எவராவது போனால் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். அதனால் நஷ்டமும் வந்ததுண்டு, மறைக்கவில்லை. கும்மிடிப்பூண்டிக்காரர்களின் வரியை அடித்ததும் அந்தக் கணக்கில்தான். அவர்கள் கடிதம் என் மேஜையில் கிடக்கும், நான் கூடூரில் சரக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மௌனத்தை நம்பி அங்கே எவனும் எழுந்து போகப்போவதில்லை, போவது என் பணம் மட்டும்தான். இதை மேனேஜருக்கு விளக்கியபோது, "சார் லா படிச்சிருக்கீங்களா?" என்றார். "பாதி" என்றேன். மீதிப் பாதி நீ.

அந்த மீதிப் பாதிக்கு நாம் பேசிய பேச்சோடு இதை முடிக்கிறேன். அன்று சாயங்காலம், ஏரிக்கரை டீக்கடை. காளை புளியமரத்தில் கட்டியிருந்தது.

"முன்னூத்தி நாப்பது போட்டிருக்கே. நான் எப்படிடா ஈடு கட்டறது?" என்றாய்.

"மாடு எங்கிட்ட கீது, உங்கிட்ட இன்னாத்துக்கு ஈடு? ஒண்ணு பண்ணு. இனிமே எனக்கும் எழுத்துல ஒப்பந்தம் வரும். நான் பெயிலானவன். நீ படிச்சுச் சொல்லணும்."

"ஃபீஸ்?"

"ஒரு டீ."

"காபி. முதல் டிகாக்ஷன்."

"பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ. சரி, காபி."

"பத்துப் பக்கத்துக்கு மேல போனா ஒரு வடை."

"மெது வடைதான். கெடு?"

நீ கடைசி வாய் டீயைக் குடித்துவிட்டு யோசித்தாய். "அதைப் போட வேண்டாம்" என்றாய்.

ஆக, பேசி முடித்தது: ஒப்பந்தம் ஒன்றுக்கு ஒரு காபி, முதல் டிகாக்ஷனில், பத்துப் பக்கத்துக்கு மேல் போனால் மெது வடை ஒன்று, கெடு இல்லை.